ஏறியிறங்கியாருக்கு நேர்ந்த மோர்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்களைக் கழித்துவிட்டேன். வெள்ளி செவ்வாயில் விளக்கேற்றாமல் வாயில் தண்ணீர்கூட வைக்காத குடும்பத்தில் பிறந்து, அதே மாதிரி இன்னொரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றது. இப்படிப்பட்ட ஒருத்தி, "சின்ன வயதில் நாங்களாகவே சில சாமிகளை உண்டாக்கினோம், அதில் ஒன்றுக்கு நான் நேர்த்தியும் வைத்தேன்" என்று எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான். ஆனால் இன்றைக்கும் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு திறந்தாலும், கிரீஸும் மீன் பொரித்த எண்ணெயும் யார் வீட்டிலோ போட்ட சாம்பிராணியும் கலந்த ஒரு பழைய வாசனை என் மூக்குக்கு மட்டும் வந்துவிடுகிறது. போதாததற்குப் போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மா ஒருவர் என் கதையையே எனக்குச் சொன்னார். நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். பாதி நடந்தது, பாதி நடக்காதது. கை கழுவும்போதே முடிவு செய்துவிட்டேன், இனி நானே எழுதிவிடுவதென்று.

அந்த லிஃப்ட், துபாயில் கராமாவில் நாங்கள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தில் இருந்தது. அங்கே மெட்ரோ ரயில் வராத காலம். அப்பா ஒரு கராஜில் மெக்கானிக். மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட்டை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். ஓர் அறையில் அப்பா, அம்மா, நான், ஆறு வயதுத் தங்கை பொன்னி. அடுத்த அறையில் கீழக்கரைக்காரர்கள். அவர்கள் மகள் நஸ்ரினுக்கு என் வயது, பன்னிரண்டு. எதிர் ஃபிளாட்டில், கதவைத் திறந்ததும் மாதா படம் தெரிகிற யாழ்ப்பாணத்துக் குடும்பம்; அவர்கள் மகன் அன்ரன் எங்களைவிட இரண்டு வயது மூத்தவன். நாலாம் மாடி முழுக்கத் தனி ஆண்கள் சேர்ந்து தங்கும் "பேச்சிலர் ரூம்". கட்டடக் காவலாளியை அங்கே "நாத்தூர்" என்பார்கள். எங்கள் நாத்தூர் ஒரு பட்டாணியர், எல்லாருக்கும் கான் பாய்.

ஜூலையும் ஆகஸ்டும் பள்ளி விடுமுறை, ஆனால் பகலில் தெருவில் கால் வைக்க முடியாது. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும். ஹீட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, அதன் தொட்டிக்குள் தங்கி ஆறியிருக்கும் தண்ணீரைத்தான் பச்சைத்தண்ணீராக எடுத்துக் குளிப்போம். அப்படிப்பட்ட ஒரு விடுமுறையில்தான் அன்ரனுடைய அப்பா, வேலையை விட்டுப்போன ஆபீஸ் நண்பர் ஒருவர் கொடுத்ததென்று, அட்டையில் பறக்கும் பாம்பு போட்ட தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது கதைப் புத்தகம் இல்லை. கதையைப் பிள்ளைகளே நடத்துகிற ஆட்டத்துக்கு வழி சொல்லும் புத்தகம். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீரன், மந்திரக்காரி என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் கதவை உடைக்கிறேன்" என்றால் தாயக்கட்டையை உருட்டிப் பார்க்க வேண்டும். எங்களிடம் லூடோ தாயம்தான் இருந்தது. ஆட்டத்தின் பேரே எங்களுக்குள் "புத்தகம்" ஆகிவிட்டது. "இண்டைக்குப் புத்தகம் விளையாடுவமா?" என்று அன்ரன் கதவைத் தட்டுவான்.

ஆட்டம் முழுக்க இங்கிலீஷில் நடந்தது. நஸ்ரினும் அன்ரனும் நல்ல பள்ளிக்கூடம். என் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சரே எங்களிடம் இந்தியில்தான் பேசுவார். அதனால் எனக்குக் கிடைத்த வேடம், குகைக்குள் போகிறவர்களுக்கு முன்னால் விளக்குப் பிடிப்பவள். "யெஸ்" என்று சொல்லிக்கொண்டு மூன்று வாரம் விளக்குப் பிடித்தேன்.

ஒருநாள் அன்ரன் புதிய பக்கம் ஒன்றை விரித்தான். ஒவ்வோர் உலகத்துக்கும் தெய்வங்கள் வேண்டும், அவற்றை நீங்களே உண்டாக்குங்கள் என்று அதில் இருந்ததாம். பேர், சக்தி, ஆயுதம், பகைவர் என்று நாலு கட்டம் போட்டு வெறுமையாக விட்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே மூன்று வீட்டிலும் சத்தம். "வெளாட்டுல கூட இன்னொண்ண வணங்கக் கூடாது புள்ள" என்றார் நஸ்ரினின் உம்மா. "கர்த்தருக்கு முன்னால வேற கடவுளே? அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா" என்றார் அன்ரனின் அம்மா. என் அம்மா, தோசைக்கல்லிலிருந்து கையை எடுக்காமலே, "சாமியோட வெளாடாதட்டி, கண்ணு போயிரும்" என்றாள். மூன்று மதத்து அம்மாமாரும் ஒரே விஷயத்தில் ஒற்றுமையாக நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வழி கண்டுபிடித்தவள் நஸ்ரின். "கும்புடவே வேணாம். நம்ம பில்டிங்ல எல்லாருக்கும் டூட்டி இருக்குல்ல, அது மாதிரி அதுங்களுக்கும் டூட்டி மட்டும் குடுப்போம். நீ சாமின்னு சொல்லிக்க, நான் டூட்டிக்காரர்னு சொல்லிக்கிறேன்" என்றாள். அம்மாமார் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, "என்னமும் செய்யுங்க, கை எடுக்கக் கூடாது" என்று விட்டுவிட்டார்கள்.

அன்ரன் இடிக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என மூன்று தெய்வங்களை மடமடவென்று எழுதினான். மூன்றுக்கும் வாள். நான் அதுவரை ஆட்டத்தில் வாயே திறக்காதவள், தமிழில் கேட்டேன்: "இது என்ன சாப்பிடும்?"

"கடவுள் ஏன் சாப்பிட வேணும்? அதுக்குக் கட்டம் இல்லையடி இதில" என்றான்.

"சாப்பாடு இல்லாம எப்படி? எதுவரைக்கும் இதோட எல்லை? அதத் தாண்டினா யாரோட எல்லை? இதுக்கு அக்கா தங்கச்சி யாரு? எதுக்குக் கோவம் வரும், என்ன செஞ்சா கோவம் எறங்கும்?"

எனக்கு இது பெரிய அறிவு ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் போய்க் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்ரன் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "உன்ர கேள்வியளுக்கு இந்தப் புத்தகத்தில பதிலே இல்லை" என்றான். பிறகு கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, அளவுகோல் வைத்து ஏழு கட்டம் போட்டு என் பக்கம் தள்ளினான். நான் தமிழில் எழுத ஆரம்பித்தேன். அன்றோடு விளக்குப் பிடிப்பது முடிந்தது.

என்னென்ன சாமிகள் வந்தன தெரியுமா! மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் அக்கா, ஹீட்டரில் தங்கை. கோடை வந்தால் இருவரும் டூட்டி மாற்றிக்கொள்வார்கள், அதனால்தான் தொட்டியில் வெந்நீர், ஹீட்டரில் பச்சைத்தண்ணீர். காற்றுச்சாமிக்கு வருஷத்துக்கு ஒரு லீவு. ஆகஸ்டில் ஊருக்குப் போய்விடும், போகும்போது யாரிடமும் டூட்டியை ஒப்படைக்காமல் போய்விடும், அதுதான் இந்தப் புழுக்கம். மணலுக்கு ஒரு கிழவர். அவர் தும்மினால் ஊரே மஞ்சள். அன்ரனுடைய இடிச்சாமிக்குப் பாவம், ஆட்டத்தில் வேலையே வரவில்லை. அந்த ஊரில் மழை எங்கே பெய்தது!

எல்லாருக்கும் பிடித்தமானவர் ஏறியிறங்கியார். எங்கள் கதை உலகம் ஒரு மலைக்குள் குடைந்த கோட்டை. மேல்மாடத்துக்கும் கீழ்மாடத்துக்கும் நடுவே ஆட்களை ஏற்றி இறக்குவதே அவருடைய டூட்டி. குளிர்ச்சியானதை மட்டும்தான் சாப்பிடுவார். கத்தினால் வரமாட்டார், மெதுவாகக் கூப்பிட்டால் வருவார். நின்று பதறுகிறவர்களைப் பிடிக்காது, உட்கார்ந்திருந்தால் பிடிக்கும். இதையெல்லாம் எழுதி முடித்தபோது, அதுவரை என் முதுகில் சாய்ந்துகொண்டிருந்த பொன்னி, "அவருக்கும் இருட்டுன்னா பயம், எழுதுக்கா" என்றாள். அன்ரன் சிரித்தான். "பயப்பிடுற கடவுளே?" என்றான். "ஆமா. அதான் லைட்டு எரிய விட்டுக்கிட்டே போறாரு" என்றாள் அவள். அதையும் எழுதினேன்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா ஓவர்டைம் போயிருந்தார். அம்மா மோர்க்குழம்புக்கென்று, கீழே இருந்த குரோசரியில் "லபன்" வாங்கிவரப் பொன்னியை அனுப்பினாள். லபன் என்பது அங்கே பாட்டிலில் விற்கும் கெட்டி மோர். பொன்னி தனியாக லிஃப்டில் போய்வரப் பழகியிருந்தாள். ஆண்கள் எல்லாரும் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். திடீரென்று கட்டடமே மூச்சை நிறுத்தியதுபோல் அத்தனை ஏசியும் அடங்கியது. கரண்ட் போய்விட்டது. அந்த அமைதியில், லிஃப்ட் பக்கத்திலிருந்து பொன்னியின் அலறல் கேட்டது.

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் பெட்டி நின்றுவிட்டது. எங்கள் மாடிக் கதவில் ஒரு கை அகலக் கண்ணாடி; அதில் பார்த்தால் கும்மிருட்டும் ஓர் இரும்புக் கயிறும்தான். வெளியே நிற்கிற எங்களுக்கே முகத்தில் அடுப்பு ஊதுகிற மாதிரி இருந்தது. உள்ளே காற்று வர ஓர் ஓட்டையும் கிடையாது. மொட்டைமாடி மோட்டார் அறைச் சாவி கான் பாயிடம். கான் பாய் பள்ளிவாசலில். லிஃப்ட் கம்பெனிக்கு நஸ்ரினின் உம்மா போன் போட்டார்; வருகிறோம், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அன்ரன் படிகளில் தாவி ஓடினான்.

அம்மா திருநீற்று டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "முருகா, எம் புள்ள, முருகா" என்று கதவில் அடித்தாள். அம்மா அடிக்க அடிக்க உள்ளே பொன்னி இன்னும் வீறிட்டாள். குரல் கரகரத்து, இருமல் வந்து, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தேன். கதவுக்கடியில் இருந்த இடுக்கில் வாயை வைத்து, கத்தாமல், மெதுவாகக் கேட்டேன்:

"பொன்னி, ஏறியிறங்கியார் டூட்டில இருக்காராட்டி?"

அழுகை ஒரு நொடி நின்றது. "இருட்டா இருக்குக்கா."

"அவருக்கும் பயமா இருக்கும்லா? நீதான சொன்ன. நீ அழுதா அவரு இன்னும் பயப்படுவாரு. உக்காரு. அவருக்கு உக்காந்தாத்தான் பிடிக்கும்."

"உக்காந்துட்டேன்."

"கையில என்ன வச்சிருக்க?"

"லபன். ரெண்டு பாட்டில்."

"தொறந்து அவருக்கு ஒரு மடக்கு குடு, நீ ஒரு மடக்கு குடி."

உள்ளே மூடி திருகும் சத்தம் கேட்டது. பிறகு, "அவரு குடிக்க மாட்டேங்காரு" என்றாள் அழுகைக் குரலில்.

"அவரு பங்கயும் நீ குடி. அவருக்குப் போயிரும்."

நஸ்ரின் என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அவள் உதடு தனக்குள் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தது, நடுநடுவே நிறுத்தி, "பொன்னி, டூட்டிக்காரருக்கு என் சலாம் சொன்னியா? இன்னொரு மடக்கு குடிச்சியா?" என்று கேட்பாள். உள்ளிருந்து பதில் வரும். அப்படியே எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. பதில்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. "ம்" என்றாள். பிறகு அதுவும் இல்லை.

"பொன்னி!" பதில் இல்லை. "பொன்னி!"

இங்கேதான் நான் இத்தனை வருஷம் எழுதத் தயங்கிய இடம் வருகிறது. என் நெற்றியில் அம்மா காலையில் பூசிய திருநீறு இருந்தது. முருகா என்று என் வாயில் வரவில்லை. பொன்னி கேட்டுக்கொண்டிருந்தால் அவளுக்குத் தெரிந்த பேர்தான் அவள் காதில் விழ வேண்டும் என்று நினைத்தேனோ, ஒன்றுமே நினைக்கவில்லையோ, சத்தியமாகத் தெரியாது. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, "ஏறியிறங்கியாரே! என் தங்கச்சியப் பத்திரமா எறக்கி விட்டுரும். இந்த வாசலுக்கு வார அத்தன பேருக்கும் மோர் ஊத்துதேன்!" என்று சொல்லிவிட்டேன். விளையாட்டாக இல்லை. உயிர் போகிற மாதிரி சொன்னேன்.

அதே நேரம் கீழே படியில் தடதடவென்று சத்தம். அன்ரன் கான் பாயைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அத்தனை கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடித்தான் என்று பிறகுதான் சொன்னான்: பள்ளிவாசல் வெளியே கிடந்த நூற்றுக்கணக்கான செருப்புகளில், டயரில் தைத்த கான் பாயின் செருப்பில் ஒன்றைத் தேடி எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றானாம். தொழுகை முடிந்து செருப்பைத் தேடி வருகிறவர் தன்னிடம்தானே வந்தாக வேண்டும்! "டரோ மத் பேட்டி", பயப்படாதே மகளே என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டி ஓடிய கான் பாய் மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். கயிறு முனகியது. கண்ணாடிக்குள் பெட்டியின் தலை தெரிந்தது, சாண் சாணாக மேலே வந்தது.

கதவைத் திறந்தோம். பொன்னி மூலையில், நான் சொன்னபடி உட்கார்ந்தே இருந்தாள். உடம்பு தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் வியர்த்து, கண் பாதி மூடி, மேலுதட்டில் வெள்ளை மீசை. இரண்டு பாட்டிலும் காலி. அம்மா வாரி எடுத்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "யக்கா, அவரு பங்கு பூராம் நாந்தான் குடிச்சேன். கோவிச்சுக்கவே இல்ல" என்றாள்.

நஸ்ரினும் நானும் அங்கேயே தரையில் கட்டிக்கொண்டு சிரித்தோம், அழுதோம். அன்ரன் இன்னும் கையில் வைத்திருந்த ஒற்றைச் செருப்பைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடினான்.

அன்று மாலை எனக்குத் தலை வாரிக்கொண்டே அம்மா கேட்டாள்: "யாருட்டி அந்த ஏறியிறங்கியார்? உங்கப்பா வகையில உள்ள சாமியா? எனக்கு யாரும் சொல்லலையே."

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். காற்றுச்சாமி லீவுக்குப் போன இடத்தில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஏறியிறங்கியார் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். நோட்டை மூடித் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். மறுநாளும் திருப்பித் தரவில்லை. கிழித்துவிடுவாள் என்று நான் சோறு இறங்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் பூஜை முடித்துவிட்டு வந்து நோட்டை என் கையில் கொடுத்து, "பேரு நீங்க வச்சது. சரி. ஆனா கேட்டது யாரோ, கேட்டுட்டாருல்லா? நேந்தத செய்யாம இருந்தா அவரு நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?" என்றாள். "வெள்ளிக்கிழம மோர் ஊத்துதோம்."

செய்தியைக் கேட்ட நஸ்ரினின் உம்மா, "நீங்க யாரு பேருல குடுத்தாலும் அது உங்க பாடு. நாங்க தாகத்துக்குக் குடுக்குறோம்" என்று இஞ்சியும் பச்சைமிளகாயும் கொண்டுவந்து நசுக்க உட்கார்ந்துவிட்டார். ஐஸ்கட்டி அன்ரன் வீட்டுப் பங்கு. அடுத்த வெள்ளி, தொழுகை முடிந்து ஆண்கள் திரும்புகிற நேரம், தரைத்தளத்தில் லிஃப்ட் வாசலில் இரண்டு பெரிய வாளி. லபனில் தண்ணீர் விட்டுக் கலக்கி, பெருங்காயமும் கறிவேப்பிலையும் மிதக்க விட்ட மோர். கராமா வெயிலில் நடந்து வந்தவர்கள் வாசனைக்கே நின்றார்கள். கான் பாய் மூன்று தம்ளர் குடித்துவிட்டு, கறிவேப்பிலையை மீசையிலிருந்து எடுத்துக்கொண்டே "பஹுத் அச்சா" என்றார். கேஸ் சிலிண்டர் தூக்குகிறவர், சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவர், வழிகேட்க வந்தவர், ஒருவர் விடாமல் குடித்தார்கள். "என்ன விசேஷம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொன்னி, "லிஃப்டு நல்லா ஓடுது" என்று பதில் சொன்னாள்.

கடைசியில் அவள் ஒரு தம்ளர் நிறைய மோரை லிஃப்டுக்குள் மூலையில் வைத்து, எட்டி நாலாம் மாடிப் பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்தாள். பெட்டி மேலே போனது. நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திரும்பி இறங்கிக் கதவு திறந்தபோது தம்ளர் காலி!

"குடிச்சிட்டாரு!" என்று பொன்னி கூவிய கூவலில் கட்டடமே அதிர்ந்தது. அன்ரன் படியேறி ஓடிப் புத்தகத்தை எடுத்துவந்து என் கையில் வைத்து, "இனிக் கதை நீ சொல்லு, செல்வி. தமிழிலயே சொல்லு" என்றான். விடுமுறை முடியும்வரை நான்தான் கதை சொன்னேன். மூவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த வருஷம் அப்பாவின் வேலை முடிந்து ஊருக்கு வந்துவிட்டோம். அந்த நோட்டு, அவசரத்தில் கட்டிய அட்டைப் பெட்டிகளில் எதில் போனதோ, கிடைக்கவே இல்லை. கட்டடத்தையும் இடித்துவிட்டார்களாம். அன்ரன் கனடாவில்; நஸ்ரின் ஷார்ஜாவில், இரண்டு பிள்ளைக்குத் தாய். பொன்னி சென்னையில் ஏழாம் மாடியில் குடியிருக்கிறாள், பயமில்லாமல் லிஃப்டில் ஏறுகிறாள். நான் ஒவ்வோர் ஆகஸ்டும் ஒரு வெள்ளிக்கிழமை முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு, வீட்டு வாசலில் மோர் ஊற்றுகிறேன். அன்றைக்குக் கேட்டவர் யாரென்ற கேள்வி எனக்கு இப்போது இல்லை. கேட்பவர் ஒருவர்தான், எங்கள் அவசரத்தில் நாங்கள் வைத்த பேருக்கும் அவர் திரும்பிப் பார்த்தார்.

கல்யாணப் பந்தியில் அந்த அம்மா சொன்ன கதையில், லிஃப்டில் வைத்த மோர் தானாக மறைந்துவிட்டது. அது நடக்காதது. நடந்தது இது: பொன்னி கூவி முடித்த கொஞ்ச நேரத்தில், நாலாம் மாடி பேச்சிலர் ரூமிலிருந்து லுங்கியோடு ஓர் அண்ணன் மீசையைத் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்து, "லிஃப்டுல மோர் வந்துச்சே, இன்னொரு கிளாஸ் கிடைக்குமா?" என்று கேட்டார். பொன்னி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களத்தான் அனுப்பியிருக்காரா?" என்று கேட்டு, தம்ளர் வழிய வழிய ஊற்றிக் கொடுத்தாள்.

இந்தக் கதையை நீங்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒரு கெடுதலும் வராது. சொன்னால் மட்டும், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக அந்த நாலாம் மாடி அண்ணனை விட்டுவிடாதீர்கள்.